கயிற்றுக்கு முன் காசு

அந்தத் தீவுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லாரும் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கத்தான் கிளம்புகிறார்கள். முதலில் அவர்கள் பார்ப்பதோ, தங்கள் மூக்குக்கு நேராக நீண்டு வருகிற ஒரு கோலை. கோலின் நுனியில் ஓர் இரும்புக் கொக்கி. கொக்கியில் ஒரு தகர டப்பா. மறுமுனையில், கணவனுடைய பழைய சட்டையை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணை இடுக்கியபடி ஒரு பெண். துறையில் அவளுக்குப் பெயரே கொக்கி என்றாகிவிட்டது. படகுக்காரர்கள் கொக்கியக்கா என்பார்கள். வெளியூர்க்காரர்கள் வேறு பெயர்கள் வைத்திருந்தார்கள். அவற்றை அச்சில் ஏற்ற முடியாது.

வேலை இதுதான். படகு துறைக்கு வந்து, கரையைத் தொடாமல், நடுவே கொஞ்சம் தண்ணீர் விட்டு நிற்கும். கொக்கி கோலை நீட்டி இருக்கை இருக்கையாக நகர்த்துவாள். தலைக்கு இவ்வளவு என்று இறங்குகட்டணத்தை டப்பாவில் போட வேண்டும். டப்பா ஒரு சுற்றுப் போய் அவளிடம் திரும்பியதும், கோலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரிப்பாள். அப்போதுதான் படகோட்டி கயிற்றை வீசுவான். அவள் பிடித்து இரும்புத் தூணில் சுற்றுவாள். காசு விழுந்தால்தான் கயிறு விழும் என்பது அங்கே பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். தீவில் குடியிருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. அவர்கள் முகம் கண்டதும் கோல் தானாகவே தாண்டிப் போய்விடும்.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் அவள் வீட்டுக்காரர். அவர் வேலை பார்த்த நாளில், படகு ஒட்டியதும் ஆட்கள் குதித்து இறங்கி, "வரும்போது தர்றோம்" என்று படியேறிப் போய்விடுவார்கள். போனவர் போனவர்தான். குறைந்த காசு அவர் சம்பளத்தில் பிடிபடும். பார்த்தார் மனுஷர். கோலைச் சீவி, கொக்கி அடித்து, டப்பா கழன்று விழாதபடி கம்பியால் முறுக்கிக் கட்டினார். அதன் பிறகு ஒரு தம்பிடி குறையவில்லை. ஆனால் துறையின் பாசி பிடித்த கல்லில் ஒரு நாள் வழுக்கி விழுந்து அவர் இடுப்பு போயிற்று. வேலை மனைவி கைக்கு மாறியது. துறைக்கு மேலேயே, வேலையோடு கிடைத்த ஒற்றை மாடி அறையில், சன்னலோரக் கட்டிலில் கிடந்தபடி அவர் மேற்பார்வை பார்க்கத் தொடங்கினார். சம்பளம் இல்லாத மேற்பார்வை. அதனால் சத்தம் கொஞ்சம் அதிகம்.

கட்டணம் முன்பெல்லாம் ஒன்றுதான். துறையைக் குத்தகைக்கு எடுத்தவர் வந்தபிறகு அது குட்டி போட ஆரம்பித்தது. இறங்குகட்டணத்தோடு துப்புரவு வரி சேர்ந்தது. கூட்டம் வருகிற மாதங்களுக்குப் பருவக் கூடுதல் வந்தது. கேமராவுக்குத் தனி. கலங்கரை விளக்கத்தின் மேலே ஏறத் தனி. குத்தகைக்காரருடைய விடுதியில் ராத் தங்கினால் அதற்கு இரவு வரி. காற்று ஒன்றுதான் பாக்கி என்று படகுக்காரர்கள் சிரிப்பார்கள்.

அக்கரையில், படகுச் சீட்டு விற்கிற இடத்தில், இதையெல்லாம் ஒரு பலகையில் எழுதி வைத்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். கொக்கி ஒருமுறை கேட்டும் பார்த்தாள்.

"பலகை வெச்சா பாதிப் பேரு அங்கேயே திரும்பிடுவான்மா. தண்ணிக்கு நடுவுல சொன்னாத்தான் குடுப்பான். வேற வழி?" என்றார் குத்தகைக்காரர்.

ஆக, வந்தவர்களுக்கு விஷயமே தண்ணீருக்கு நடுவில்தான் தெரியும். சொன்னவள் மேல்தான் கோபம் பாயும். கொக்கி எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டாள். அவள் பயந்தது ஒன்றே ஒன்றுக்கு. போன மாதம் ஒரு பெருங்கூட்டத்தில் எண்ணிக்கை தவறி, டப்பாவில் காசு குறைந்தது. குத்தகைக்காரர் கத்தவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை.

"இன்னொரு தடவை குறைஞ்சா மேல இருக்கற அறைச் சாவியக் குடுத்துட்டுக் கிளம்பிடுங்க. வேலைக்குத்தான் அறை," என்றார்.

அந்த அறையை விட்டால் போவதற்கு அக்கரையில் தம்பி வீடு மட்டும்தான். இரண்டே அறை, அதில் தம்பி மனைவியின் ஆட்கள் ஏற்கெனவே எள் போட இடமில்லாமல் படுத்திருக்கிறார்கள். திரும்பிப் படுக்கவே ஆள் துணை வேண்டியிருக்கிற மனுஷனை அங்கே எந்த மூலையில் கிடத்துவது? 

தம்பிதான் அன்றைக்கு மதியப் படகை ஓட்டி வந்தான். காலையில் இருந்த காற்று இப்போது இல்லை. திசை மாறி, அலையைத் துறையின் இடது பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. அங்கே பழைய துறையின் இடிந்த கற்கள் தண்ணீருக்குள் பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கும்.

"அக்கா, சீக்கிரம்! பின்னாடி தள்ளுது!" தூரத்திலேயே குரல் கொடுத்தான் தம்பி. ஒரு கையில் சுக்கான், மறு கையில் சுருட்டிய கயிறு. இஞ்சினை ஏற்றியும் இறக்கியும் படகைக் கற்களிலிருந்து விலக்கியே நிறுத்தப் பார்த்தான்.

கொக்கி கோலை நீட்டினாள். முன்வரிசையில் வயதான அக்கா தங்கை இருவர், கைப்பையைத் திறந்து சரியாகப் போட்டார்கள். அடுத்து நாலைந்து கல்லூரிப் பையன்கள்.

"அக்கா, மூச்சு விடறதுக்கும் உண்டா?"

"மூச்சு சும்மாதான். அதைப் படம் பிடிச்சாத்தான் தனி. போடுப்பா, அலை வருது."

சிரித்துக்கொண்டே போட்டார்கள். புதுத் தம்பதி ஒன்று போட்டது. டப்பா கடைசி வரிசைக்குப் போனது. அங்கே அகலத் தொப்பி வைத்த ஒருவர், மனைவி, இரண்டு பிள்ளைகள்.

"எல்லாம் சேர்த்திதான்னு சொல்லித்தானே அங்க சீட்டு குடுத்தாங்க?" என்றார் தொப்பிக்காரர்.

"அது படகுக்குங்க. இது மண்ணுல இறங்க."

"மண்ணு உங்க தாத்தா வாங்கிப் போட்டதா?"

"எங்க தாத்தா வாங்கியிருந்தா நான் ஏங்க இந்த வெயில்ல கோலைப் பிடிச்சிட்டு நிக்கிறேன்? போடுங்க."

பையன்கள் சத்தமாகச் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு வந்திருக்கக் கூடாது. தொப்பிக்காரரின் காது சிவந்தது. எழுந்து நின்று டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அக்கரையில ஒரு போர்டு கிடையாது. ரசீது கிடையாது. கடல் நடுவுல நிறுத்தி வெச்சு வசூல். இதுக்கு என்ன பேரு? முதல்ல படகைக் கட்டு. இறங்கி, உங்க ஆபீஸ் எதுன்னு பார்த்து, இதை அங்க குடுத்துக்கிறேன்."

அவர் கேட்டதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. அதுதான் கொக்கிக்கு எரிச்சலாக இருந்தது.

"சார், டப்பாவ விடுங்க. அது வராம நான் கயிறு பிடிக்க மாட்டேன்."

"நீ கயிறு பிடிக்காம நான் விட மாட்டேன்."

கோல் விறைத்தது. அந்த முனையில் அவர், இந்த முனையில் இவள், நடுவில் தண்ணீர். கையை எடுத்தால் எல்லார் காசும் அவரோடு போய்விடும். எடுக்காவிட்டால் கயிறு பிடிக்கக் கை இல்லை.

மேலே சன்னல் கதவு மடாரென்று திறந்தது. "விடாதே! கோலை விட்டுடாதே! ஒருத்தனுக்கு விட்டா நாளைக்கு ஊரே பிடுங்கும்!" என்று கத்தினார் வீட்டுக்காரர்.

"அக்கா!" என்றான் தம்பி. படகின் பின்பக்கம் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

முதல் அலை படகைத் தூக்கியபோது ஒரு பிள்ளை வீரிட்டது. கற்களில் மரம் உரசுகிற சத்தம் கேட்டது. பல்லைக் கூசவைக்கிற சத்தம். வயதான அக்காவும் தங்கையும் இருக்கையிலிருந்து சரிந்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். பையன்கள் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

கொக்கி தொப்பிக்காரரின் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு வேறொன்று புரிந்தது. அவர் கண் இப்போது டப்பாவில் இல்லை. உதடு வெளுத்திருந்தது. ஆடுகிற படகில் எழுந்து நின்றுவிட்ட மனுஷருக்குப் பிடித்துக்கொள்ள அந்தக் கோலைத் தவிர வேறெதுவும் இல்லை. பிடிவாதம் எப்போதோ போய்விட்டது, பயத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறார். இவள் இப்போது விட்டால் அவர் மல்லாந்து தண்ணீரில் போவார். கற்கள் இருக்கிற பக்கம்.

"உக்காருங்க! சார், உக்காருங்க!"

காது கேட்டதாகவே தெரியவில்லை.

"அம்மா! நீங்க! அவரு இடுப்பைப் பிடிச்சு இழுங்க! அப்படியே கீழ இழுங்க!"

மனைவி ஒரு கையால் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, மறு கையால் புருஷனின் இடைவாரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். அவர் அவள் மடியிலேயே வந்து விழுந்தார். தொப்பி பறந்தது. கை டப்பாவை விட்டுவிட்டது.

கோல் லேசானது. டப்பா படகின் விளிம்பில் ஊசலாடிக்கொண்டிருந்தது, நிறையக் காசோடு. ஓர் இழுப்பு போதும், கைக்கு வந்துவிடும்.

"இழு! இழுத்துடு!" என்றார் மேலிருந்தவர்.

அதே நொடியில் தம்பி கயிற்றை வீசிவிட்டான். இரண்டாவது அலை முதுகுக்குப் பின்னால் எழும்பி நிற்க, அவனுக்கு வேறு வழியில்லை.

கொக்கி கையைத் திறந்தாள். கோல் கல்லில் பட்டுத் துள்ளித் தண்ணீரில் விழுந்தது. அதோடு சேர்ந்து டப்பாவும் கவிழ்ந்தது. நாணயங்கள் போன இடம் தெரியவில்லை. நோட்டுகள் கொஞ்சம் மிதந்தன. அவள் பார்க்கவில்லை. கயிற்றின் நுனி விரலைத் தொட்டு நழுவப் பார்த்தது. மார்போடு சேர்த்து அமுக்கினாள். உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு கயிறு ஓடியது. ஓட ஓட, தூணைச் சுற்றி ஒரு சுற்று, இரண்டு, மூன்று. கயிறு முறுகி நின்றது. அலை படகைக் கற்களுக்குப் பதிலாகத் துறையின் மேல் மோதவிட்டுப் போனது. இடது பக்கப் பலகையில் ஒரு நீளச் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

எல்லாரும் இறங்கினார்கள். கலங்கரை விளக்கத்தைப் பற்றி ஒருவரும் பேச்சு எடுக்கவில்லை. மேலே சன்னல் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. அந்தச் சத்தமில்லாமைதான் கொக்கிக்குக் கை எரிச்சலைவிட அதிகமாக எரிந்தது.

குத்தகைக்காரர் படியிறங்கி வந்தார். அவசரமே இல்லாத நடை.

"டப்பா எங்க?"

"கடல்ல, முதலாளி."

"மறுபடி வாங்கு."

"ஒருத்தரத் தவிர எல்லாரும் குடுத்துட்டாங்க. நான் பார்த்தேன்."

"குடுத்தது எனக்கு வந்துச்சா? வரல. அப்ப குடுக்கல." கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "இறங்குகட்டணம், துப்புரவு வரி, பருவக் கூடுதல். எல்லாரும் எடுத்து வைங்க. வைக்காம கயிறு அவிழாது."

பையன்கள் கொதித்துப் பேசினார்கள். குத்தகைக்காரர் காதில் வாங்கவில்லை. தம்பி அக்காவின் அருகே வந்து குனிந்தான்.

"அக்கா, இப்பத் தண்ணி திரும்பற நேரம். கொஞ்ச நேரம் அடங்கி இருக்கும். இப்பவே கிளம்பினா கொண்டுபோய்ச் சேர்த்துடுவேன். அதுக்கப்புறம் இன்னிக்கு முடியாது."

"முடியாட்டி என்ன?" என்றார் குத்தகைக்காரர், தம்பி சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. "விடுதில இடம் இருக்கு. தங்கட்டும்."

தங்கினால் அறை வாடகை, அதன்மேல் இரவு வரி. கொடுத்தாலும் அவருக்கு லாபம், கொடுக்காவிட்டாலும் லாபம். கூட்டத்துக்கும் அது புரிந்துவிட்டது. புதுப்பெண் அழ ஆரம்பித்தாள். வயதான அக்கா, "போனா போகுது, உயிரோட வீடு போய்ச் சேர்ந்தா போதும்" என்று கைப்பையைத் திறந்தாள்.

"மூடுங்கம்மா பையை," என்றாள் கொக்கி.

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. குத்தகைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க போட்டத என் கண்ணால பார்த்தேன். குடுத்தவங்ககிட்ட மறுபடி கேக்க எனக்கு வாய் வராது." படியோரம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தொப்பிக்காரரிடம் போனாள். இப்போது தொப்பி இல்லை. தலை நடுவில் வழுக்கை. "நீங்க குடுக்கல சார். நீங்க மட்டும்தான் குடுக்கணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இவளைத் திட்ட எத்தனையோ வார்த்தைகள் அவரிடம் இருந்திருக்கும். மனைவிதான் பேசினாள்: "குடுங்க. பாவம், அந்தம்மா கையைப் பாருங்க." அவர் நாலு பேருக்கும் எடுத்துக் கொடுத்தார். கேமராவுக்கும் சேர்த்து. கொக்கி வாங்கி அப்படியே குத்தகைக்காரரிடம் நீட்டினாள்.

"இவ்வளவுதான் வரவேண்டியது. வந்துடுச்சு." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "ஏறுங்க. எல்லாரும் ஏறுங்க, சீக்கிரம்," என்றாள்.

ஏறினார்கள். அவள் தூணிடம் குனிந்து, முதல் சுற்றைக் கழற்றினாள். குத்தகைக்காரர் வந்து கயிற்றின் மேல் செருப்புக் காலை ஊன்றினார்.

"அவிழ்த்துப் பாரு," என்றார்.

படகில் இஞ்சின் இருமிக்கொண்டிருந்தது. சன்னல் மறுபடி திறந்த சத்தம் கேட்டது, கொக்கி நிமிரவில்லை. வீட்டுக்காரர் என்ன கத்தினாலும் இனி எதற்காகவும் நிற்கப்போவதில்லை என்று கையில் வேகம் கூடியது. ஆனால் மேலிருந்து எந்தக் குரலும் வரவில்லை.

"காலை எடுங்க முதலாளி," என்றாள். "படகு இழுத்துச்சுன்னா கயிறு ஓடும். ஓடற கயிறு காலு யாருதுன்னு பார்க்காது."

இரண்டாவது சுற்றைக் கழற்றினாள். படகு இழுத்தது. கயிறு அவர் செருப்புக்கு அடியில் நெளிந்தது. அவர் காலைத் தூக்கிக்கொண்டார். பயந்து தூக்கியது போலத் தெரியக் கூடாது என்று, செருப்பைத் தட்டிவிடுவதாகப் பாவனை செய்தார். கடைசிச் சுற்று அவிழ்ந்தது. தம்பி கயிற்றை இழுத்துக்கொண்டே அக்காவைப் பார்த்துத் தலையசைத்தான். படகு அடங்கிய தண்ணீரில் நேராகப் போனது.

குத்தகைக்காரர் உள்ளங்கையை நீட்டினார். "சாவி."

"அவரைத் தனியா இறக்க முடியாது. காலையில தம்பி வந்ததும் தர்றேன்."

"காலையில முதல் படகுக்கு வேற ஆள் நிக்கும். அதுக்குள்ள அறை காலியாகணும்."

"ஆகும்."

படியேறி அறைக்குப் போனபோது வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். யார் துணையும் இல்லாமல் எப்படித் திரும்பினாரோ. கொக்கி மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். உள்ளங்கை தீக்குச்சியைப் பிடிக்க விடவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். இருந்த துணியை ஒவ்வொன்றாக அடுக்கினாள். வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. காற்று திரும்பி வந்து சன்னலை உலுக்கியது.

"படகு?" என்றார் சுவரைப் பார்த்தபடியே.

"போயிருக்கும். அக்கரை விளக்குக் கிட்டப் போறத படியிலருந்து பார்த்தேன்."

பிறகு, "உன் தம்பி படகுங்கறதாலதானே கோலை விட்டே?" என்றார்.

அவள் அடுக்குவதை நிறுத்தினாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள்.

"தெரியல," என்றாள். "வேற ஆள் படகா இருந்தா இழுத்திருப்பேனோ என்னவோ. நினைச்சுப் பார்க்கவே பயமா இருக்கு."

அவர் மெதுவாக, முனகிக்கொண்டே, இந்தப் பக்கம் திரும்பினார். "நான் இழுத்திருப்பேன்," என்றார். "யார் படகா இருந்தாலும். அதுதான் கத்தினேன்."

அவள் அடுத்த துணியை எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

"அவன் வீட்டுல எங்க படுக்கறது?"

"சமையல் பண்ற இடத்துல, அடுப்பு அணைச்சப்புறம்."

"உன் தம்பி பொண்டாட்டி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாளே."

"வெச்சுக்கட்டும். நாம கீழதானே படுக்கப்போறோம், அவ்வளவு உசரத்துல இருக்கறது கண்ணுக்கே தெரியாது."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலிக்கும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். கொக்கி பெட்டி மூடியை அழுத்திப் பார்த்தாள். மூடவில்லை. கையில் தெம்பு இல்லை. அவர் கட்டிலில் கிடந்தபடியே கையை நீட்டி, "இந்தப் பக்கம் தள்ளு," என்றார். இவள் மூடியின் மேல் ஏறி உட்கார்ந்தாள். அவர் எட்டிப் பிடித்து, இரண்டு மூன்று முறை தவறவிட்டு, கொண்டியை மாட்டினார்.